விழுந்தபின் எழும் படகு

ஆங்கிலேயர் ‘கற்றமரான்’ என வழங்குவது நமது கட்டுமரம் என்ற சொல்லையே. ஆயினும் மரங்களைக் கயிற்றாற் பிணைத்த மீனவரின் மிதவைக்கும் இன்றைய இரட்டையுடற் பந்தயப் படகுக்கும் பெயரன்றி உறவில்லை. இரட்டையுடல் பொலினீசிய மக்களின் கைவண்ணம். 1876இல் அமெரிக்கரான நதானியல் ஹெரஷோஃபின் ‘அமரிலிஸ்’ நியூயோர்க்கில் ஒற்றையுடற் படகுகளை முந்திற்று. தோற்றவர்கள் முறையிட, வென்ற படகே விலக்கப்பட்டது.

தனியே ஓட்டிப் பந்தயத்திற் கலந்துகொள்ள நான் படகு தேடியபோது, விற்போர் வேகத்தையே பேசினர். கவிழ்ந்தால் தனியொருவன் நிமிர்த்த முடியுமா என்று நான் கேட்டேன். இருவருக்கென அமைந்த ஹோபி 16இன் பாரம் ஏறத்தாழ 145 கிலோ. மெலிந்த ஒருவனின் உடற்பாரம் அதன் பாய்மரத்தை நீரினின்று எழுப்பப் போதாது. ஒருவருக்கான ‘ஏ’ வகுப்புப் படகு 5.49 மீற்றர் நீளமும் ஒரே பாயும் கொண்டது. 75 கிலோ வரை இலேசாக இருக்க விதி இடந்தருகிறது. ஆனால் அக்காபன் இழைப் படகின் விலை சம்பளக்காரனுக்கு எட்டாது. ஆகவே, ஒருவருக்கெனவே வகுக்கப்பட்ட ஹோபி 14இல் பழையதொன்றைத் தெரிந்தெடுத்தேன்.

தனித்துக் கடலேறுதல் எனக்கு விளையாட்டு. கட்டுமரத்தில் தனித்துச் சென்ற மீனவனுக்கோ அன்றைய உலை கொதிப்பதே அதில் தங்கியிருந்தது. கவிழ்ந்தாலும் மூழ்காத அம்மரத்தைப் புரட்டிப்போட்டு மீண்டும் ஏறினான். விலைப்பட்டியலில் நான் தேடிய தகுதியை அவனது வறுமை என்றோ வகுத்துவிட்டது.