முன்றிலும் விலையும்

‘இல்முன்’ என்பதே ‘முன்றில்’ என முன்பின்னாக மாறி வழங்குகிறது என்று இலக்கணத்தில் கற்றோம். மதரஸாவில் ஃபிக்ஹு நூல் ஓதுகையில் ‘ஹரீம்’ என்றொரு சொல்லைக் கண்டோம். வீட்டை அனுபவிப்பதற்கு இன்றியமையாத சுற்றிடம் என்பது அதன் பொருள். வாயிலுக்குச் செல்லும் வழி, குப்பையும் சாம்பலும் கொட்டுமிடம் ஆகியவற்றை ஷாஃபிஈ சட்ட நூல்கள் அதில் அடக்கிக் கூறும். வீட்டின் வெளிப்புறம் முதலில் பயனுக்குரியது என்னும் இக்கருத்து, வீடொன்றை விற்க நேர்ந்தபோது நமக்குக் கைகொடுத்தது.

வாப்பா விட்டுச்சென்ற கடற்கரையூர் வீட்டில் நம்முடன் இளையவர் இருவருக்கும், கணவரை இழந்த சகோதரியார் ஒருவருக்கும் பங்குண்டு. சகோதரியாருக்கு அப்பங்கைத் தவிர வேறு முதல் இல்லை. விலை குறைந்தால் நமக்கு அது இழப்பு; அவருக்கோ எஞ்சிய நாளின் உணவு.

வெளிப்புறத்தைச் சீர்செய்யப் பொதுப்பணத்தில் ரூ.1,50,000 ஒதுக்கினோம். இளையவர் ஒருவர், வளைவு வைத்த நுழைவாயில், முற்றம் முழுவதும் வண்ணச் சிமெண்டுக் கற்கள், நடுவே ஒரு நீரூற்று எனத் திட்டம் கூறினார். “பார்த்தவுடன் மனத்தைப் பறிக்க வேண்டும், காக்கா” என்பது அவர் வாதம். அது முற்றிலும் தவறன்று. வாங்க வருபவரின் கண் முதலில் படுவது வாயிலில்தான். ஆயினும் அழகு பற்றிய விருப்பம் ஆளுக்கு ஆள் வேறுபடும். நமது நீரூற்று நிற்குமிடத்தில் அவர் கார் நிறுத்த எண்ணினால், இடிக்கும் கூலியை விலையில் கழித்துக்கொண்டே பேசுவார்.

ஆகவே ஒரு கேள்வியை உரைகல்லாகக் கொண்டோம். நாம் செய்யாது விட்டால், வாங்குபவர் முதலாண்டிலேயே இதைச் செய்தாக வேண்டுமா? ஆம் எனில் செய்வது, அன்றேல் விடுவது.

அதன்படி, மேற்குச் சுற்றுச்சுவரில் சரிந்திருந்த பகுதியைப் பிரித்துக் கட்டினோம். மழைநீர் சுவரோரம் தேங்காது தெருப்பக்கம் வடியுமாறு முற்றத்திற்குச் சாய்வு கொடுத்தோம். மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நம் வீட்டில் அடைந்து கிடந்த குழியைத் தூர்வாரி, கூழாங்கல்லும் மணலும் மாற்றி, மாடிக் குழாயை அதனுடன் இணைத்தோம். வாயிலிலிருந்து வாசற்படி வரை மட்டும் கல் பாவினோம்; எஞ்சிய மண்ணை நீர் உறிஞ்சுவதற்கு விட்டோம். உப்புக்காற்றில் துருவேறிய இரும்புக் கதவைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சிட்டு வண்ணம் தீட்டினோம். வேப்பமரத்தின் காய்ந்த கிளைகளைக் கழித்தோம், நிழலைக் கழிக்கவில்லை.

ஒன்று எஞ்சியது. பெருமழையில் கொல்லைப்புறக் கழிவுநீர்த் தொட்டி நிறைந்து வழியும். அதனைப் புதிதாகக் கட்ட நம் கையிருப்புப் போதாது. மேலே சிமெண்டுப் பலகையிட்டுப் பூந்தொட்டிகளை அடுக்கிவிடலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். மறைக்கும் செலவு சீரமைப்பு ஆகாது. விற்ற பொருளில் மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று ஃபிக்ஹில் பாடம் நடத்துகிறோம். பாடம் ஒருவகையாகவும் பத்திரம் ஒருவகையாகவும் இருக்கலாகாது. சகோதரியாரிடம் கேட்டோம். “சொல்லிவிட்டே விற்றுவிடுங்கள்” என்றார்.

ஐப்பசி மழைக்கிடையே ஒரு குடும்பத்தினர் வந்தனர். மூதாட்டியார் கதவையும் வண்ணத்தையும் ஏறிட்டுப் பாராமல் நேரே கிணற்றடிக்குச் சென்று, ஒரு வாளி இறைத்து நாவில் வைத்துப் பார்த்தார். மகனோ சுவரோரம் நீர் நிற்கிறதா என்று சுற்றி வந்தார். தொட்டியின் குறையைக் கூறினோம். அதைக் கட்டும் செலவைக் கழித்து விலை பேசினார். வேறு எதையும் கழிக்கவில்லை.

ஒதுக்கியதில் ரூ.38,000 மீந்திருந்தது. நீரூற்று வேண்டுமென்ற இளையவரே அதனைச் சகோதரியாரின் பங்கோடு சேர்த்துவிடலாம் என்றார். நாம் மறுக்கவில்லை.