கயானா போக நினைக்கிற பக்தர்களுக்கு



கயானாவில் எடுத்த படங்களைப் போட்டதிலிருந்து "எப்படிப் போறது, என்ன எடுத்துட்டுப் போறது"ன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுத்துக்கிட்டே ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்ல முடியல. அதனால போய்வந்த நாங்க ஆறு பேரும் சேர்ந்து ஒரே பதிவா எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

கயானா தென் அமெரிக்காவில், வெனிசுவேலாவுக்கும் சுரினாமுக்கும் நடுவில் இருக்கு. ஆப்பிரிக்காவில் உள்ள கானா வேற நாடு. டிக்கெட் ஏஜெண்டுகிட்ட "தலைநகர் ஜார்ஜ்டவுன்"னு சேர்த்துச் சொல்லுங்க. பினாங்கு ஜார்ஜ்டவுனான்னு சிரிப்பார், பரவாயில்லை.

அவ்வளவு தூரம் ஏன் போனோம்? 1838 மே 5-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து விட்பி, ஹெஸ்பரஸ்ன்னு ரெண்டு கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. 1917 வரைக்கும் 2 லட்சத்து 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க ஒப்பந்தக் கூலியா கரும்புத் தோட்டத்துக்குப் போனாங்க. பெரும்பாலும் வட இந்தியர். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து போனவங்க கொஞ்சம்தான், அவங்களை அங்கே 'மெட்ராசி'ன்னு சொல்றாங்க. நம்ம தாத்தா பாட்டி ரஜுலா கப்பல்ல வந்து பால்மரம் சீவினாங்க, இவங்க வேற கப்பல் ஏறிக் கரும்பு வெட்டினாங்க. நமக்குத் தோட்டத்திலேயே தமிழ்ப்பள்ளி கிடைச்சது. அவங்க பிள்ளைங்க ஆங்கிலத்துக்குப் போயிட்டாங்க. தமிழ் போச்சு, ஆனா மாரியம்மா போகல.

இப்ப பயண விஷயம். எல்லாத்துக்கும் முன்னால ஊசி. மஞ்சள் காய்ச்சல் ஊசியைச் சொல்றோம், மஞ்சள் காமாலை வேற. கயானா அந்தக் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகள் பட்டியலில் இருக்கு. அங்கேயிருந்து திரும்பி வர்றப்ப நம்ம மலேசிய விமான நிலையத்திலேயே சான்றிதழ் கேட்பாங்க. இல்லைன்னா தனிமைப்படுத்தவும் முடியும். ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். எல்லா கிளினிக்கிலும் போட மாட்டாங்க, அங்கீகாரம் உள்ள மையமா பார்த்துப் போங்க. 60 வயசு தாண்டினவங்க, முட்டை ஒத்துக்காதவங்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். "அம்மா பார்த்துக்குவா"ன்னு சொல்லி மறைக்காதீங்க. வயசானவங்களுக்கு இந்த ஊசியே ஆபத்தாகலாம். டாக்டர் வேணாம்னா போகாதீங்க.

நேரடி விமானம் கிடையாது. லண்டன், அமெரிக்கா, பனாமான்னு எந்த வழியா போனாலும் மாறி மாறித்தான் போகணும். அமெரிக்கா வழின்னா விமானம் மாறுறதுக்கு மட்டும்கூட அமெரிக்க விசா வேணும். லண்டன்ல ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறணும்னா குடிநுழைவைத் தாண்டி வெளியே வரணும், அதுக்கு முன்கூட்டியே இணையத்தில் பிரிட்டிஷ் பயண அனுமதி எடுத்திருக்கணும். கயானா விசா விவரத்தை அவங்க குடிநுழைவுத் துறையிடமே கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைங்க. பணம் கட்டுறது அதுக்கு அப்புறம்தான்.

ஒரு நல்ல விஷயம், கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். சரியா 12 மணி நேரம் வித்தியாசம், பகல் இரவாகும், அவ்வளவுதான். உடம்புக்கு மட்டும் ரெண்டு மூணு நாள் ஆகும்.

மே முதல் ஆகஸ்ட் பாதி வரைக்கும், அப்புறம் டிசம்பர், ஜனவரியிலும் மழை. மே 5 அங்கே இந்தியர் வருகை நாள், பொது விடுமுறை. அதுக்குப் போறவங்க குடை எடுத்துக்குங்க. ரிங்கிட் எடுபடாது, அமெரிக்க டாலர் கொண்டு போங்க. ஒரு டாலருக்கு 200-க்கு மேல கயானா டாலர் கிடைக்கும். சாப்பாட்டு பில் ஆயிரக்கணக்கில் வந்தா பயப்படாதீங்க. தாலிக்கொடி, வளையலை வீட்டிலேயே வைங்க, மஞ்சள் கயிறு போதும். ஜார்ஜ்டவுனில் இருட்டினதும் நடந்து போகாதீங்க.

விமான நிலையம் டிமேரியில, நகரத்திலிருந்து 40 கிலோமீட்டர் சொச்சம். வண்டி நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான். நாங்க கிழக்கே பெர்பிஸ் பக்கம் போனோம். வழியெல்லாம் கரும்பு, நெல்லு, வாய்க்கால். கரையோர நிலம் கடல் மட்டத்துக்கும் தாழ்வு, அதனால கடல் சுவரும் மதகும் வச்சிருக்காங்க. தஞ்சோங் காராங் பண்டு மேல நிக்கிற மாதிரியே இருந்துச்சு. கடைப் பலகையில் நாகமுத்து, வீராசாமி, பெருமாள்! மோசஸ் வீராசாமி நாகமுத்து 2015 முதல் 2020 வரை அந்த நாட்டுப் பிரதமராவே இருந்தவர்.

மெட்ராசிக் கோயில்களை 'காளி மாய்' கோயில்னு சொல்றாங்க. பூஜை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. மூணு நாள் முன்னாடியே கவிச்சி நிறுத்திட்டுத்தான் போகணும். வேப்பிலை, தப்பு, கரகம், மதுரை வீரன், முனீஸ்வரன், காட்டேரி, எல்லாம் இருக்கு. சில இடத்தில் ஆடு, கோழி பலியும் உண்டு. நம்ம தோட்டத்து முனியாண்டிக்கு என்ன செஞ்சோம்னு நினைச்சுப் பாருங்க, முகம் சுளிக்காதீங்க. அருள் வந்து ஆடுறவங்களைப் படம் எடுக்கக் கூடாது. கேட்டுட்டு எடுங்க. சில இந்து விசேஷங்களில் அல்லி இலையில் ஏழு கறி சாப்பாடு போடுவாங்க, கையால சாப்பிடணும், நமக்கென்ன கஷ்டமா?

பாட்டு தமிழ்லதான் பாடுறாங்க. உச்சரிப்பு கொஞ்சம் உருண்டிருக்கு, ஆனா புரியுது. பாடினவருக்குத்தான் அர்த்தம் தெரியல. எங்களோட வந்த மூத்த அம்மா, பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டத்தில் பிறந்தவங்க, கூடவே பாடிட்டாங்க. பாடி முடிச்சதும் நாலு பேர் அவங்களைச் சுத்தி உட்கார்ந்து, ஒவ்வொரு வரியா "இதுக்கு என்ன அர்த்தம்"ன்னு ஆங்கிலத்தில் கேட்டாங்க. எங்க இங்கிலீஷ் ஃபேக்டரி இங்கிலீஷ். கையைக் காட்டிக் காட்டிச் சொன்னோம். ஒருத்தர், நாப்பது வருஷமா அதைப் பாடுறவர், 'ஆத்தா'ன்னா அம்மாதான்னு தெரிஞ்சதும் எழுந்து போய் அம்மன் முன்னால நின்னுட்டார். ரொம்ப நேரம் வரல.

அதனால அடுத்து போறவங்க பட்டுச் சேலை, பித்தளை விளக்குன்னு பெட்டியை நிரப்ப வேண்டாம். மாரியம்மன் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் அடிச்சு, பக்கத்திலேயே அர்த்தமும் போட்டு எடுத்துட்டுப் போங்க. அதைத்தான் கேட்டாங்க. நாங்க 12 பாட்டு முடிச்சிருக்கோம், இன்னும் நிறைய இருக்கு. ஆங்கிலம் நல்லா தெரிஞ்ச இளைஞர்கள் ஞாயிறு காலை பசியாறிட்டு ஆலய மண்டபத்துக்கு வந்தா உதவியா இருக்கும். லேப்டாப் இருந்தா கொண்டு வாங்க, மண்டபத்து கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவு.