பீட்சா தீர்ந்த பிறகு

"நீங்க என்ன பண்றீங்க?"

தரமணியில் நடந்த ஒரு ஸ்டார்ட்டப் சந்திப்பில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. "பி.காம், கடைசி வருஷம்"னு சொன்னேன். கேட்டவர் சிரிச்சிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிட்டார். எனக்கு ப்ரோக்ராம் எழுதத் தெரியாது, முதலீடு போடவும் வக்கில்லை. என்னை வெச்சு என்ன பண்றது? :) நேரா பீட்சா பக்கம் போய் நின்னுக்கிட்டேன்.

அங்கேதான் அந்த அண்ணாவைப் பார்த்தேன். முப்பது வயசிருக்கும். நான் காமர்ஸ்னு தெரிஞ்சதும் குரலைத் தாழ்த்தி, "தம்பி, டிடிஎஸ் பிடிச்சா எப்ப கட்டணும்?"னு கேட்டார். அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள்ள (மார்ச் மாசத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை). தவறினா மாசத்துக்கு 1.5 சதவீதம் வட்டி. அவர் முகம் போன போக்கிலேயே பல மாசமா கட்டலைன்னு புரிஞ்சுது. அறை முழுக்க கம்பெனி நடத்துறவங்க. அவங்ககிட்ட கேட்க அவருக்குக் கூச்சம்.

சென்னையில் இந்தக் கூட்டங்கள் நேத்து ஆரம்பிச்சது இல்லை. 2006ல் பார்கேம்ப் நடந்தது. 2007ல் ஐஐடி வளாகத்தில் ப்ரோட்டோ. அதே வருஷம் முதலீட்டாளர்கள் சேர்ந்து சென்னை ஏஞ்சல்ஸ் ஆரம்பிச்சாங்க. ஆனா கூட்டம் போட்டதால மட்டும் இந்த ஊர் வளர்ந்ததா எனக்குத் தோணலை. 1996ல் அட்வென்ட்நெட்டா ஆரம்பிச்ச ஸோஹோவில் வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010ல் ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பிச்சாங்க. அது ஃப்ரெஷ்வொர்க்ஸ்னு பேர் மாறி 2021ல் நாஸ்டாக்கில் பட்டியலாச்சு. 2011ல் வந்த சார்ஜ்பீ நிறுவனர்களிலும் முன்னாள் ஸோஹோக்காரங்க உண்டு. ஒரு இடத்தில் கத்துக்கிட்டதை ஆட்கள் இன்னொரு இடத்துக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க.

ஜெயிச்ச இடத்தில் கத்துக்கிட்டது இப்படிப் பரவுது. தோத்த இடத்தில் கத்துக்கிட்டது எங்கே போகுது?

அடுத்த மாசம் அந்த அண்ணா வரலை. அதுக்கடுத்த மாசமும் வரலை. நம்பர் என்கிட்ட இருந்தது, ஆனா நான் கூப்பிடலை. அது என் தப்பு. ஒருவழியா கூப்பிட்டப்ப கம்பெனியை மூடிட்டதா சொன்னார். ரெண்டு பெரிய கஸ்டமர் 90 நாள் கழிச்சுத்தான் பணம் தருவாங்களாம். சம்பளம் மட்டும் மாசா மாசம் போட்டாகணும். கணக்குல லாபம், பேங்குல பணம் இல்லை. ஒர்க்கிங் கேபிட்டல்னு ஒரு பாடம் முழுசா மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினவன் நான். அவர் பேசின அஞ்சு நிமிஷத்தில்தான் அது உண்மையிலே புரிஞ்சுது.

"இதை அங்க வந்து சொல்லுங்களேண்ணா"ன்னேன்.

"வந்து என்னன்னு சொல்லி அறிமுகப்படுத்திக்கறது, தம்பி?"

எனக்குப் பதில் தெரியலை. யோசிச்சுப் பார்த்தா என்னை பீட்சா பக்கம் அனுப்பின கேள்வியும் அவரை வீட்டிலேயே உட்கார வெச்ச கேள்வியும் ஒண்ணுதான். "என்ன பண்றீங்க?"ங்கறதுக்குப் பதிலா "எதுல மாட்டிக்கிட்டு இருக்கீங்க?"னு ஆரம்பிச்சா? பி.காம் பையனுக்கும் ஏதாவது வேலை இருக்கும், கம்பெனியை மூடினவருக்கும் ஒரு நாற்காலி இருக்கும்.

சந்திப்பை நடத்துறவங்ககிட்ட இதைச் சொன்னேன். "பார்க்கலாம் ப்ரோ"ன்னாங்க. அண்ணாகிட்டயும் சொன்னேன். வர்ற சனிக்கிழமை வர்றாராம், ஆனா கடைசி வரிசையில்தான் உட்காருவாராம்.

பக்கத்து சீட்டுல நான் இருப்பேன்.