கையெழுத்து

புதுவையில் பிரெஞ்சில் படித்த எனக்கு ழான் தார்க் என்றால் கப்ஸ் கோயில் எதிரே நிற்கும் சிலைதான். போன வாரம் கார்ல் டிரையர் 1928இல் எடுத்த மௌனப் படத்தில் அவளை வேறு மாதிரிப் பார்த்தேன். மூல நெகட்டிவ் தீயில் போய், நல்ல பிரதி ஒன்று 1981இல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையில் அகப்பட்டதாம்.

படத்தில் போர்க்களமே இல்லை. 1431 விசாரணைதான், ஃபால்கொனெத்தியின் முகம்தான். தீக்குப் பயந்து கையெழுத்துப் போடுகிறாள். பிறகு மனம் கேளாமல் அதை மறுத்துவிட்டுத் தீக்கே போகிறாள்.

குமாஸ்தாவாக இருந்தபோது, மேலதிகாரி மிரட்டலுக்குப் பயந்து ஒரு பொய் அறிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மறுத்திருக்கலாம், வேலை போயிருக்கும், அவ்வளவுதான். மறுக்கவில்லை. அவளுக்கு வயது சுமார் 19. எனக்கு அன்று நாற்பது.

கிடைத்தால் நீங்களும் பாருங்கள்.