பதிவு என்றால் பதிவு அல்ல

தமிழும் மலையாளமும் அக்கா தங்கை என்று மேடைகளில் சொல்வார்கள். சொத்துப் பத்திரத்தைக் கையில் எடுத்தால் உறவில் சிக்கல் ஆரம்பிக்கிறது. மலையாளத்தில் ‘ஆதாரம்’ என்றால் கிரயப் பத்திரம். ‘கரம்’ என்றால் வரி. ‘போக்குவரவு’ என்பது பஸ், லாரி சமாச்சாரமல்ல, பெயர் மாற்றம். இவற்றால் பெரிய சேதமில்லை, யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். சேதம் விளைவிக்கும் சொல் வேறு. அது ‘பதிவு’.

நிலம் பதிவாகியிருக்கிறது என்று தமிழில் சொன்னால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் ரிஜிஸ்தர் ஆகிவிட்டது என்று பொருள். கவலை தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கலாம். மலையாளத்தில் ‘பூமி பதிவு’ என்றால் அரசாங்கம் தன் நிலத்தை ஒருவருக்கு ஒதுக்கித் தருவது. எதற்காகத் தந்தது என்ற நிபந்தனையும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். நிலம் பத்துக் கை மாறினாலும் நிபந்தனை மாறாது. முதல் கை விவசாயத்துக்கு வாங்கியிருந்தால் பத்தாவது கைக்கும் அது விவசாய நிலம்தான். மூணாறு பக்கத்தில் காட்டேஜ் வாங்கி வாடகைக்கு விட நினைக்கும் தமிழர்கள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவில். படித்தது தமிழ் எம்.ஏ., பிழைப்பு செய்தி மொழிபெயர்ப்பு. மலையாள ஆதாரங்களைத் தமிழாக்கித் தருவது உபதொழிலாக வந்து சேர்ந்தது. கோவை, தேனி, சென்னை, பெங்களூர், மும்பை என்று எல்லா ஊர்களிலிருந்தும் கேட்கிறார்கள். பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், அல்லது விருப்ப ஓய்வுப் பணத்தை வைத்துக்கொண்டு வழி தேடுபவர்கள். ஆசையும் ஏறக்குறைய ஒன்றேதான். குளிர்ந்த மலையில் நாலு அறை, சுற்றுலாக்காரர்களுக்கு வாடகை, பார்த்துக்கொள்ள ஒரு ஆள், மாதம் பிறந்தால் பணம். ஆசையில் தப்பில்லை. ஆனால் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விலையைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். முதல் ஆதாரத்துக்கும் முன்னால் இருக்கும் பட்டயத்தை யாரும் கேட்பதில்லை.

பட்டயம் என்பது நம் பட்டா. 1960ஆம் வருடத்து கேரள பூமி பதிவுச் சட்டத்தின் கீழ் 1964இல் வந்த விதிகள், அரசு நிலத்தை எதற்கெல்லாம் கொடுக்கலாம் என்று சொல்கின்றன. சொந்தமாகப் பயிர் செய்ய, வீடு கட்ட, பக்கத்து நிலத்தின் அனுபோகத்துக்கு. அவ்வளவுதான். 1977 ஜனவரி 1க்கு முன்பே காட்டு நிலத்தில் குடியேறியவர்களுக்காக 1993இல் தனி விதிகள் வந்தன. ஹோட்டல், ரிசார்ட் என்ற சொல்லுக்கு 1964 விதிகளின் அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆக, கைவசம் இருப்பது விவசாயப் பட்டயமானால் அதன்மேல் நிற்கும் காட்டேஜ் அரசாங்கத்தின் கண்ணில் நிபந்தனை மீறல். பஞ்சாயத்து கதவு எண் கொடுத்திருக்கலாம், வீட்டு வரி கட்டின ரசீது இருக்கலாம், மின் இணைப்பு இருக்கலாம். இவற்றில் எதுவும் பட்டயத்தைத் திருத்தாது.

மூணாறு டவுன் இருக்கும் கண்ணன் தேவன் மலை வில்லேஜின் கதை இன்னும் நீளம். 1877இல் பூஞ்ஞாறு ராஜா ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் கொடுத்த மலை அது. பின்னர் தேயிலைக் கம்பெனியிடம் போயிற்று. 1971இல் கேரள அரசு தனிச் சட்டம் போட்டு நிலத்தைத் திரும்ப எடுத்தது. 1972இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. தேயிலை பயிரிடுவதற்கு வேண்டிய நிலம் கம்பெனி வசம் விடப்பட்டது. அதனால் இந்த வில்லேஜில் யாராவது ‘பரம்பரைச் சொத்து’ என்று சொன்னால், பரம்பரை எந்த வருடம் தொடங்குகிறது என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

2007 மே மாதம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். முதலமைச்சர் வி.எஸ்.அச்சுதானந்தன் அனுப்பிய மூன்று அதிகாரிகள் – சுரேஷ்குமார், ரிஷிராஜ் சிங், ராஜு நாராயண சுவாமி – மண் அள்ளும் எந்திரங்களோடு மலை ஏறினார்கள். ‘பூனை கறுப்போ வெள்ளையோ, எலி பிடித்தால் போதும்’ என்று முதல்வர் சொன்னதால் பத்திரிகைகள் அவர்களைப் பூனைகள் என்றே எழுதின. சில வாரங்களில் அரசியல் நெருக்கடியால் எந்திரங்கள் நின்றன. இடிபட்ட சில விடுதிகளின் விஷயத்தில் அரசு செய்தது தவறு என்று 2014இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு வருடம் கழித்து வந்த நியாயம். பென்ஷன் பணத்தைப் போட்டவருக்கு ஏழு வருடம் என்பது லேசான காலமல்ல.

2010இல் உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்று வந்தது. மூணாறு பகுதியில் கட்டிடம் கட்ட வருவாய்த் துறையின் ஆட்சேபணை இல்லாச் சான்று கட்டாயம். கண்ணன் தேவன் மலை, பள்ளிவாசல், சின்னக்கானல், ஆனவிரட்டி, பைசன்வாலி, வெள்ளத்தூவல், சாந்தன்பாறை, ஆனவிலாசம் ஆகிய எட்டு வில்லேஜுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு வந்தது. இந்தப் பெயர்களில் ஒன்று உங்கள் பத்திரத்தில் இருந்தால் நின்று யோசியுங்கள். 1999இல் தேவிகுளத்தில் கொடுக்கப்பட்டு, கையெழுத்திட்ட அதிகாரியின் பெயராலேயே ‘ரவீந்திரன் பட்டயம்’ என்று அழைக்கப்படும் 530 பட்டயங்களை ரத்து செய்ய 2022 ஜனவரியில் அரசு உத்தரவிட்டது. அவற்றை நம்பி வாங்கியவர்களிடம் அசல் கிரயப் பத்திரம் இருந்தது. தமிழ் அர்த்தத்தில் எல்லாம் ‘பதிவு’ ஆகியிருந்தது.

இதற்கு புரோக்கர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: “சட்டம் மாறிப்போச்சு சார்.” பாதி உண்மை. 2023 செப்டம்பரில் சட்டசபை பூமி பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. 2024 ஏப்ரலில் ஆளுநர் கையெழுத்திட்டார். ஏற்கெனவே நடந்த மீறல்களை முறைப்படுத்தவும், வேறு உபயோகத்துக்கு அனுமதிக்கவும் அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. அரசுக்கு அதிகாரம் வந்ததாலேயே நீங்கள் பார்க்கும் கட்டிடம் முறையாகிவிடாது. அந்தக் கட்டிடத்தின் பெயரில் காகிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏலக்காய் மலைகளில் வழக்கு ஒரு எண்ணில் நிற்கிறது. 1897ஆம் வருட அறிவிக்கையின்படி ஏலமலைக் காடு 15,720 ஏக்கர் என்கிறது கேரள அரசு. இல்லை, 2,15,720 ஏக்கர் என்கிறது சுற்றுச்சூழல் தரப்பு. முன்னால் ஒரு ‘2’ இருக்கிறதா இல்லையா என்பதில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலம் காடா நாடா என்பது தொங்குகிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதிய பட்டயம் கொடுப்பதற்கு இடைக்காலத் தடை போட்டது. ஓர் எண் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று மொழிபெயர்ப்பாளனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். பொதுத்துறை நிறுவனத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். சின்னக்கானல் பக்கம் ஏழு ஆர் நிலமும் நாலு அறை காட்டேஜும் பேசி முடித்து அட்வான்சும் கொடுத்திருந்தார். கேரளப் பத்திரங்களில் சென்ட்டுக்குப் பதில் ஆர் என்று வரும். ஒரு ஆர் என்பது 2.47 சென்ட், ஆகவே ஏழு ஆர் என்றால் பதினேழு சென்ட் சொச்சம். “பாருங்க சார், பூமி பதிவுன்னு முதல் பக்கத்திலேயே போட்டிருக்கு. கவர்ன்மென்ட்ல பதிவான இடம்” என்று விரலை வைத்துக் காட்டினார். அந்த வரியை முழுக்கப் படித்துச் சொன்னேன். நிலம் விவசாயத்துக்காகப் பதித்துக் கொடுக்கப்பட்டது என்று இருந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என் சம்சாரத்துக்கிட்ட இதை நீங்களே போன்ல சொல்லிடுங்களேன்” என்றார். சொன்னேன். அட்வான்சில் பாதி திரும்பி வந்தது. மீதிக்காக அலைந்து ஓய்ந்துவிட்டார்.

பாலக்காடு பக்கத்து மலைகளும் விதிவிலக்கல்ல. கோவையிலிருந்து ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது ஆதிவாசி நிலமாக இருந்ததா என்பது. ஆதிவாசிகளிடமிருந்து கைமாறிய நிலத்தை மீட்க 1975இல் ஒரு சட்டமும் 1999இல் இன்னொன்றும் வந்தன, வழக்குகள் ஓயவில்லை. நெல்லியாம்பதியில் பல எஸ்டேட்டுகள் அரசின் காட்டு நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்தவை. குத்தகைக்காரரிடம் கிரயம் வாங்க முடியாது. கேரளம்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். நம் நீலகிரியில் மசினகுடி வட்டாரத்து யானை வழித்தட விடுதிகளுக்கு 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சீல் விழுந்தது. வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பும் வந்தது.

காகிதம் சரியாக இருந்தால் அடுத்தது நடத்தும் விதம். போர்டில் ‘ஹோம்ஸ்டே’ என்று எழுதுவதற்கு முன் அந்தச் சொல்லையும் படிக்க வேண்டும். கேரள சுற்றுலாத் துறையின் அங்கீகாரத்தில் டயமண்ட், கோல்ட், சில்வர் என்று வகைகள் உண்டு. ஆறு அறைகளுக்கு மேல் கூடாது. முக்கியமாக, வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கே குடியிருக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு காவல்காரரை வைத்து நடத்துவது ஹோம்ஸ்டே ஆகாது. அதற்கு சர்வீஸ்டு வில்லா என்று வேறு பிரிவு இருக்கிறது.

வருமானக் கணக்கையும் புரோக்கரே போட்டுத் தருவார். நாலு அறை, அறைக்கு 2,500 ரூபாய், வருடத்தில் 300 நாள், மொத்தம் 30 லட்சம். அதே கணக்கை 120 நாளுக்குப் போட்டால் 12 லட்சம். எல்லா அறையும் நிறையும் நாட்கள் சனி ஞாயிறு, ஏப்ரல்-மே, ஓணம், பூஜை, டிசம்பர் கடைசி என்று எண்ணிப் பார்த்தால் இரண்டாவது கணக்கே நெருக்கமாகத் தெரியும். இதிலிருந்து சம்பளம், ரிப்பேர், புக்கிங் கமிஷன் எல்லாம் போக வேண்டும். பிறகு மழை. 2018 பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் வருடம். பூவை நம்பிப் பலர் அறை கட்டினார்கள். ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு – மறையூர் சாலையில் பெரியவாரைப் பாலம் போயிற்று; பள்ளிவாசலில் ஒரு விடுதிக்குப் போகும் வழியில் பாறைகள் உருண்டன. பூ பூத்தது, பார்க்க ஆளில்லை. 2020இல் கொரோனா. அடுத்த குறிஞ்சி 2030இல். இப்போதே அதைச் சொல்லி விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்படியானால் இறங்கவே கூடாதா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இது. முதலில் வாங்காதீர்கள், காகிதம் சரியாக உள்ள ஒரு வீட்டை ஒரு வருடம் லீசுக்கு எடுங்கள். ஒரு மழைக்காலத்தை அங்கே கழியுங்கள். தொழில் பிடிக்கிறதா, உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். வாங்குவதானால் மூலப் பட்டயம், முன் ஆதாரங்கள், பாத்யதா சர்ட்டிபிகேட் எனும் வில்லங்கச் சான்று, வில்லேஜ் ஆபீஸ் கைவசச் சான்று, கட்டிட அனுமதி, தேவைப்படும் இடத்தில் வருவாய்த் துறைச் சான்று எல்லாவற்றையும் விற்பவரோடு சம்பந்தமில்லாத, தேவிகுளம் தாலுகா வழக்குகள் பழகிய வக்கீலிடம் காட்டுங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு.

இந்தப் பதிவுச் சட்டத்தை ஏதோ அரசாங்கத் தொந்தரவு என்று பலர் பேசுகிறார்கள். அது யாருக்காக வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் பலியானார்கள். ஏறக்குறைய எல்லோரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. தலைமுறை தலைமுறையாக மலையில் இருந்தும் படுத்திருந்த வீடு கம்பெனி வீடு. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும்.

மூணாறில் நான் பழகிய ஒரு அம்மா, தேயிலை பறித்து ஓய்வு பெற்று இப்போது காட்டேஜ் அறைகளைக் கூட்டித் துடைக்கிறார். கலெக்டருக்கு மலையாளத்தில் மனு எழுதித் தரச் சொன்னார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். “வீடு வைக்க அஞ்சு சென்ட் பதிஞ்சு குடுக்கணும்னு எழுதுங்க தம்பி” என்றார். அந்தச் சொல்லை அவர் சட்டத்தில் உள்ள பொருளிலேயே சொன்னார். அப்படியே எழுதிக் கொடுத்தேன்.