மணலைக் கழுவிக் கட்டிய கோயில்

தனுஷ்கோடிக்கு இப்போது நல்ல தார்ச்சாலை இருக்கிறது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்துவிட்டார்கள். ராமேசுவரம் வருகிற எவரும் காரில் போய் நிலத்தின் கடைசி விளிம்பில் இறங்கலாம். அதற்கு முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு பேருந்து நின்றுவிடும். அங்கிருந்து மணலில் தடம் பார்த்து ஓட்டும் வேன்கள் உண்டு. எங்கள் சின்ன வயதில் பெரும்பாலும் நடைதான். வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல். பாக் நீரிணைப் பக்கம் அலையடங்கிக் கிடக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் கரையை அறைந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் இடையில் கிடக்கிற ஒடுங்கிய மணல்மேட்டின் மேல்தான் எங்கள் ஊர் இருந்தது.

வருகிறவர்கள் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்கிற இடிந்த தேவாலயம், ஊர்க்காரர்களுக்கு அந்தோனியார் கோயில். கூரை இல்லை. பவளப்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அருகில் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் பூப்பூவாய்த் துளைகள் தெரியும். பார்க்கிறவர்கள் அதை 1964 புயலின் மிச்சம் என்பார்கள். எனக்கு அது, அப்பாவைப் பெற்ற ஐயாவும் அப்பத்தாவும் ஆண்டுதோறும் கிறிஸ்துமசுக்கு முன்பு வெள்ளையடித்த சுவர்.

அவர்கள் பேச்சில் கேட்டுக் கேட்டு, நான் பிறப்பதற்கு முன்பே அழிந்த அந்த ஊர் எனக்குப் பழகிப்போனது. 1914இல் பாம்பன் பாலம் வந்தபின் சென்னை எழும்பூரில் ஏறுகிற போட் மெயில் பயணிகள் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்புக்கு. இர்வின், கோஷன் என்று அந்தக் கப்பல்களின் பெயர்களை ஐயா சொந்தக்காரர்களின் பெயர்போலச் சொல்வார். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், ரயில்வே ஊழியர் வீடுகள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. ஐயா கரைவலை இழுத்தவர். வலை இல்லாத நாளில் துறையில் மூட்டை தூக்குவார். அப்பத்தா கருவாடு போட்டு விற்றவர்.

ஆனால் ரயிலையும் கப்பலையும் விட அவர்கள் அதிகம் பேசியது கோயிலைப் பற்றித்தான். பிடிபட்ட மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு என்பது எழுதாத சட்டம். ஞாயிற்றுக்கிழமை வலை கடலுக்குப் போகாது. சுவரில் காரை உதிர்ந்தால் கொத்தனாருக்குக் காத்திருக்க மாட்டார்கள். சங்கையும் சிப்பியையும் பொறுக்கிக் காளவாசலில் சுட்டு, நீற்றி, ஊறவைத்து அரைத்துப் பூசுவார்கள். அப்பத்தாவின் உள்ளங்கை கடைசிவரைக்கும் சொரசொரப்பாகவே இருந்தது. சுண்ணாம்பு தின்ற கை அது.

பவளக்கல் எப்படிப்பட்டது என்று ஐயா விளக்குவார். ஈரமாய் இருக்கும்போது வெட்டுக்குச் சுலபமாகப் பணியும். காய்ந்தால் இறுகிவிடும். எடை குறைவு, ஆகவே மணலில் கட்டுவதற்கு ஏற்றது. உள்ளே உப்பு இருப்பதால் இரும்பு மட்டும் அதற்கு ஆகாது. சுண்ணாம்போடுதான் அது சேர்ந்து நிற்கும். கட்டடக்கலைக் கல்லூரிப் பக்கம் போகாத ஒருவர் கையால் தொட்டுத் தொட்டுக் கற்ற அறிவு இது.

ராமேசுவரம் தீவில் கோயில் கட்டுவது ஒரு மதத்தாரின் காரியமாக மட்டும் இருந்ததில்லை. அப்துல் கலாம் தம் இளமையைச் சொல்லும்போது மூன்று பெரியவர்களைத் தவறாமல் நினைவுகூர்வார்: பள்ளிவாசல் இமாமான தம் தந்தை ஜைனுலாப்தீன், ராமநாதசுவாமி கோயில் அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகள், தீவில் முதல் தேவாலயத்தைக் கட்டிய அருட்தந்தை போடல். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து ஊர்ப் பிரச்சினைகளைப் பேசித் தீர்ப்பார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். எங்கள் ஐயாவுக்கு அந்தப் பெயர்களெல்லாம் தெரியுமோ என்னவோ, அந்தப் பழக்கம் தெரியும். பாம்பன் மரைக்காயர் ஒருவர் கோயில் வேலைக்கென்றால் படகுக் கூலி வாங்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. கிறிஸ்துமசுக்கு மூன்றே நாள். சுவர்களில் வெள்ளையடித்து முடிந்திருந்தது. என் அத்தையின் பேறுகாலத்துக்காக ஐயாவும் அப்பத்தாவும் தங்கச்சிமடம் வந்திருந்தார்கள். தெற்கு அந்தமான் கடலில் பிறந்து இலங்கையைக் கடந்து வந்த புயல் அன்றிரவு தனுஷ்கோடியை அடித்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653 எண் பாசஞ்சர் ரயில், நிலையத்தை நெருங்கும் நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. கடல் இரண்டு பக்கமும் எழுந்து மணல்மேட்டின் மேல் சேர்ந்துகொண்டது. இந்தியா, இலங்கை இரு கரையிலுமாக 1,800 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். அப்பத்தாவுக்கு அது எண்ணிக்கை இல்லை. கோயிலில் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் யார் முட்டிபோடுவார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நிறுத்திவிடுவார்.

பாம்பன் பாலத்தின் கர்டர்கள் நூற்றுக்கு மேல் அடித்துப் போயின. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரை அனுப்பினார்கள். கடலில் கிடந்த கர்டர்களைத் தேடித் தூக்கி, 46 நாளில் பாலத்தில் மறுபடி ரயில் ஓடவைத்தார். பாலம் மீண்டது; தனுஷ்கோடி மீளவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பிழைத்தவர்கள் ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன் என்று பிரிந்து குடியேறினார்கள். எங்கள் குடும்பம் தங்கச்சிமடம் பக்கத்துக் கடற்கரைக் குடியிருப்பு ஒன்றில் நின்றுபோனது.

அங்கே பனையோலை வேய்ந்த ஒரு கொட்டகைதான் கோயில். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் காற்று ஓலையைப் பிய்த்துக்கொண்டு போகும். கல்லில் கட்ட வேண்டும் என்று பல ஆண்டு பேசி, சிறுகச் சிறுகச் சேர்த்து, 1978இல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். அப்போது ஐயாவுக்கு வலை இழுக்கிற வயது கடந்திருந்தது. வயது வந்த ஆண்கள் கடலுக்குப் போக வேண்டும், பெண்கள் மீன் விற்கப் போக வேண்டும். ஆகவே பகலெல்லாம் வேலையிடத்தில் இருந்தவர்கள் கிழவர்களும் கிழவிகளும், எங்களைப் போன்ற பொடியன்களும்தான். கூலிக்கு வந்த கொத்தனாருக்கு ஐயா சித்தாள் வேலை பார்த்தார். அப்பத்தா மணல் கழுவினார்.

மணல் கழுவுவது என்றால் என்னவென்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கடற்கரை மணலில் உப்பு இருக்கும். அதை அப்படியே சிமெண்டில் சேர்த்தால் சுவர் பூத்துப்போகும், கம்பி துருப்பிடிக்கும். நல்ல ஆற்றுமணல் வாங்க எங்களிடம் பணம் போதாது. தீவில் நல்ல தண்ணீர் மணலுக்கடியில் ஊற்றாக இருக்கும். குழி தோண்டினால் ஊறும். அந்த ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து, மணலைக் கூடையில் போட்டு அலசி, கொட்டி, மறுபடி அலசி, நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்ப்பார் அப்பத்தா. கரித்தால் மறுபடியும்.

"எதுக்கு அப்பத்தா இம்புட்டு?" என்று கேட்டேன்.

"நாம போனபெறகும் இது நிக்கணும்ய்யா. அங்கிட்டு கட்டுனவுக நல்லாக் கட்டுனதாலதான சுவராவது நிக்கிது."

சுவர் ஆளுயரத்துக்கு எழும்பியிருந்தபோது அந்த நவம்பர் வந்தது. 23ஆம் தேதி மட்டக்களப்பை நாசமாக்கிய புயல், மறுநாள் கீழக்கரைப் பக்கம் கரையேறியது. எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு தண்ணீர். பெரியவர்கள் முகத்தில் 1964 தெரிந்தது. பாதிப் பேர் பெட்டி படுக்கையோடு மேட்டுப் பக்கம் போய்விட்டார்கள். அப்பா எங்களைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். ஐயா வரவில்லை. அஸ்திவாரத்தில் தண்ணீர் புகுந்து மணலை அரித்தால் சுவர் சாய்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நின்று, மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டிக் கடல் பக்கம் திருப்பிவிட்டார். அப்பத்தா சாக்குகளில் மணல் நிரப்பி அடிச்சுவரை ஒட்டி அடுக்கினார். சிமெண்டு மூட்டைகளை வீட்டுக் கட்டிலின் மேல் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, தங்கள் நெல்லு மூட்டையை நனையவிட்டார்கள். இதை அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. மறுநாள் வந்து பார்த்த அக்கம்பக்கத்தார்தான் சொன்னார்கள்.

காற்று தணிந்ததும் வேலை தொடர்ந்தது. தண்ணீர் வடியாத தெருவில் பலகை போட்டுக் கல் சுமந்தார்கள். வீடிழந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சியதும் அந்த அரைகுறைச் சுவருக்குள்தான். முதலில் வீட்டைப் பாருங்கள், கோயில் பிறகு ஆகட்டும் என்று பங்குச் சாமியாரே சொன்னாராம். அதற்கு ஐயா, வீடு நமக்கு, இது எல்லாருக்கும் என்றாராம். அந்த மழைக்காலத்தில் கூரை போடாத கோயிலில் தார்ப்பாய்க்கு அடியில் எங்களோடு தங்கியவர்களில் எல்லாச் சாதியாரும், எல்லா மதத்தாரும் இருந்தார்கள். அப்பத்தா உப்புப் போகக் கழுவிய மணல் தாங்கியிருந்த சுவருக்கு ஓரத்தில் அவர்களும் குளிர்காய்ந்தார்கள்.

மறு ஆண்டு கூரை போட்டு, மந்திரித்து, முதல் பூசை நடந்தது. அடிக்கல்லில் பெரிய மனிதர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். மணல் கழுவியவர்களின் பெயரைக் கல்லில் போடும் வழக்கம் எங்கும் இல்லை. ஐயாவும் அப்பத்தாவும் அதைக் கேட்டதும் இல்லை.

கோயிலைத் தம் கையால் கட்டுவது இந்தக் கரையில் எல்லோருக்கும் பொதுவான பழக்கம். கச்சத்தீவில் அந்தோனியாருக்கு முதலில் கோயில் எழுப்பியவரும் ராமநாதபுரம் கரை மீனவர்தான். அங்கே 2016 டிசம்பரில் இலங்கைக் கடற்படை கட்டிக்கொடுத்த புதிய ஆலயம் திறக்கப்பட்டது. திருவிழாவுக்கு இரு கரை மீனவர்களும் போகிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகும், 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் காயல்பட்டினமும் மூழ்கியபோதும், 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோதும் கோயிலும் பள்ளிவாசலும் கதவைத் திறந்துவைத்தன. பேரிடர் மேலாண்மை என்று இப்போது பேசுகிறோம். பொதுவான ஓர் உறுதியான கட்டடம் ஊருக்கு வேண்டும் என்ற அறிவு எங்கள் கிழவர்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. அதற்குப் பெயர் மட்டும் வைக்கவில்லை.

தனுஷ்கோடியின் அந்தோனியார் கோயில் இன்று மெல்லக் கரைகிறது. பவளப்பாறையை வெட்டுவது சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் ஒரு பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. அது சரியான சட்டம், பவளம் இல்லாவிட்டால் மீனும் இல்லை. ஆகவே அந்தச் சுவரிலிருந்து விழுகிற ஒவ்வொரு கல்லும் இனி திரும்ப வைக்க முடியாத கல். சிமெண்டைப் பூசி அவசரமாய் நிறுத்த வேண்டாம். சிப்பிச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டும். கல்லின் மேல் ஏறி நின்று படமெடுப்பதை நிறுத்த வேண்டும். அந்த இடத்தைப் ‘பேய் நகரம்’ என்று விற்பதையும் நிறுத்த வேண்டும். கரைவலை இழுக்கிற குடும்பங்கள் தனுஷ்கோடியை ஒட்டிய கம்பிப்பாட்டிலும் சுற்றிலும் இன்றைக்கும் ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றன. செத்துப்போனவர்கள் எங்கள் உறவுகள், பேய்கள் அல்ல.

இன்னொன்றும் செய்யலாம், அதற்கு அரசாணை வேண்டியதில்லை. 1964இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் ராமேசுவரத்திலும் அப்படிச் சிலர் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் அவர்களில் ஒருவர் என்றால், புயலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். சுண்ணாம்பு அரைத்தது யார், கல் சுமந்தது யார், மழையில் யார் வாய்க்கால் வெட்டினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற பெயர்களை ஒரு நோட்டில் எழுதி உங்கள் ஊர்க் கோயிலில் கொடுங்கள். அடிக்கல்லில் இடம் கிடைக்காதவர்களுக்கு அந்த நோட்டிலாவது இடம் இருக்கட்டும்.