முன்னூறு பேருக்கு இடம்

பிலிப்பி பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய நிருபத்தை நம்மில் பலர் படித்திருப்போம். சிறையிலிருந்து எழுதியது. அதன் கடைசி அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களைப் பெயர் சொல்லி, ஒரே மனதாயிருங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். இருவரும் அவரோடு சேர்ந்து ஊழியத்தில் பாடுபட்டவர்கள். சண்டைக்காரிகள் என்று தள்ளிவிட முடியாது. ஓடியாடி உழைக்கிறவர்களுக்குத்தான் ‘நான் செய்தேன்’ என்ற எண்ணம் சீக்கிரம் வருகிறது என்பது என் எண்ணம். சும்மா இருப்பவர்களுக்கு எதற்குச் சண்டை?

சென்ற பள்ளி விடுமுறையில், சிங்கப்பூரில் வேலை செய்யும் என் அக்கா மகனைப் பார்க்கப் போயிருந்தேன். சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவிலை நம்மவர்கள் எல்லாரும் அறிவார்கள். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் தெலோக் ஆயர் தெரு இருக்கிறது. மலாய் தெரிந்த நமக்குப் பெயரே சொல்லிவிடும், ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது என்று. கப்பலில் வந்து கரையிறங்கியவர்கள் கட்டிய தலங்கள் இன்றும் அந்தத் தெருவில் நிற்கின்றன. தென்னிந்திய முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. சீனர்களின் தியான் ஹொக் கெங் கோவில் இருக்கிறது. அதே தெருவில்தான் தெலோக் ஆயர் சீன மெதடிஸ்ட் ஆலயமும் இருக்கிறது. அதன் உச்சியில் சீன மண்டபம் போன்ற கூரை.

“சின்னம்மா, இதுவா சர்ச்சு? கோவில் மாதிரி இருக்கே!” என்றான் பையன்.

டாக்டர் பெஞ்சமின் வெஸ்ட் என்ற மிஷனரி, அப்பர் நான்கின் தெருவில் வைத்திருந்த மருத்துவ நிலையத்தில் 1889-ல் தொடங்கிய சபை அது. சீனர் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஹொக்கியன்காரர் பேசுவது கண்டோனீஸ்காரருக்குப் புரியாது. அந்தக் காலத்தில் பாஷைக்கு ஒரு தெரு, பாஷைக்கு ஒரு சங்கம் என்றுதான் வாழ்ந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த சபை, 1924-ல் இந்தக் கட்டடத்தை எழுப்பத் தொடங்கியது.

பதினெட்டு வருஷம் கழித்து ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அந்தப் பயங்கர நாட்களில் இந்த ஆலயத்துக்குள் சுமார் 300 பேர் அடைக்கலம் புகுந்தார்கள்.

முன்னூறு பேர் என்றால் என்னவென்று எண்ணிப் பாருங்கள், தாய்மார்களே! நாற்பது பிள்ளைகளை ஒரு நாள் சுற்றுலா கூட்டிப் போய்வருவதற்குள் எனக்குத் தலை சுற்றிவிடுகிறது. தண்ணீர் வேண்டும், கழிப்பிடம் வேண்டும், அழுகிற குழந்தைக்குக் கஞ்சி வேண்டும். படுக்க இடம் வேண்டுமென்றால் ஒருவர் காலை மடக்கினால்தான் இன்னொருவர் நீட்ட முடியும். ‘இது என் பெஞ்சு, என் அப்பா உட்கார்ந்த இடம்’ என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

எங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபின் பாதிப் பேர் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் சிற்றாலயத்தில் மீந்திருப்பது பதினான்கு குடும்பங்கள்தாம். அதற்குள்ளேயே வலப்பக்கத்துப் பெஞ்சு ஒரு கூட்டத்துக்கு, இடப்பக்கம் இன்னொரு கூட்டத்துக்கு என்றாகி இரண்டு வருஷம் ஆகிறது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கிறிஸ்துமஸ் விருந்தை யார் வீட்டில் சமைப்பது என்ற தகராறு! சபையின் பெரிய அண்டா ஒரு வீட்டில் இருக்கிறது, அதன் மூடி இன்னொரு வீட்டில் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை என் வகுப்பில் ஒட்டி உட்காரும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகம் தெரியாதவர்கள் போல நடந்துகொள்கிறார்கள். பெரியவர்கள் சண்டையை விட எனக்கு இதுதான் வேதனை. இன்னும் நாலு குடும்பம் பெயர்ந்து போனால் ஆலயத்தையே பூட்ட வேண்டியதுதான்.

ஊர் திரும்பியதும் பெண்கள் கூட்டத்தில் அந்த ஆலயத்தைப் பற்றிச் சொன்னேன். யாரையும் குத்திப் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, “முன்னூறு பேருக்குச் சோறு யாரு வடிச்சது டீச்சர்?” என்றார்.

நான் வாய் திறக்குமுன் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி, “வடிக்க மொதல்ல அண்டா வேணுமே!” என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

அடுத்த ஞாயிறு அண்டா ஆலய வாசலுக்கு வந்துவிட்டது, புளி போட்டுத் தேய்த்து. மூடி இன்னும் வரவில்லை.